வரைபடத்தில் இல்லாத இடத்துக்கு அரசுப் பெயர் வாங்குவது எப்படி?

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஓடை இரவோடு இரவாகக் கரையேறியது. உதவி எண்ணுக்குப் போன் போட்டபோது, எடுத்த பெண் "இடத்தின் பெயர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். எழுத்தெழுத்தாகவும் சொன்னேன். அவருடைய பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. கடைசியில் என் மனைவியின் மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு பெரிய சாலை வரை நடந்துபோய், வண்டி வரும்வரை மழையில் நின்று கைகாட்டினார்.

எங்கள் குடியிருப்பு தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகருக்கு அருகே உள்ள வெரூலத்துக்கு வடக்கே இருக்கிறது. அறுபது வீடு, ஒரு முருகன் கோயில், கரும்புத் தோட்டக் காலத்து பாரக்ஸ் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இரண்டு வரிசை. தைப்பூசத்துக்குக் காவடி கிளம்புவது அந்த ஓடைக்கரையிலிருந்துதான். மூன்று தலைமுறையாக எல்லோர் வாயிலும் ஒரே பெயர். வரைபடத்தில் மட்டும் கிடையாது.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, அரசு அதை ஏற்கும்படி விண்ணப்பிக்க எனக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு பிடித்தது. முறை தெரிந்திருந்தால் ஒன்றரை ஆண்டில் முடிந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். விண்ணப்பம் இப்போது அரசின் பெயர்கள் குழுவின் முன் இருப்பதால் பெயரை மட்டும் இங்கே எழுதவில்லை. எங்கள் மாகாணமான க்வாசூலு-நட்டாலை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற மாகாணங்களில் அலுவலகம் மாறும், வரிசை மாறாது.

1. எந்தப் பெயர் யார் கையில் என்று முதலில் பாருங்கள்

நான் நேராக நகராட்சிக்குப் போனேன். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பி நான்கு மாதம் போனது. பெயர் வைப்பது எல்லாம் ஒரே இடத்தில் நடப்பதில்லை.

தெரு, பூங்கா, மயானம், நகராட்சிக் கட்டடம் ஆகியவற்றுக்குப் பெயர் வைப்பது நகராட்சி. டர்பனில் கிரே தெரு டாக்டர் யூசுஃப் தாதூ தெரு ஆனதும், பிரின்ஸ் எட்வர்ட் தெரு டாக்டர் கூனம் தெரு ஆனதும் அப்படித்தான். பண்ணைப் பெயர் பத்திரப் பதிவு அலுவலகத்தின் வேலை.

ஊர், குடியிருப்பு, புறநகர், ஆறு, ஓடை, மலை, விரிகுடா, ரயில் நிலையம், தபால் நிலையம், நெடுஞ்சாலை, அரசு அணை ஆகியவை தென்னாப்பிரிக்கப் புவியியல் பெயர்கள் மன்றத்தின் எல்லைக்குள் வரும். 1998 ஆம் ஆண்டின் 118 ஆம் சட்டத்தின்படி அமைந்த மன்றம் இது. மன்றம் பரிந்துரைக்கும், விளையாட்டு, கலை, பண்பாட்டு அமைச்சர் ஒப்புதல் கொடுப்பார், அரசிதழில் வெளியாகும். ஆனால் நீங்கள் விண்ணப்பத்தை நேராக பிரிட்டோரியாவுக்கு அனுப்பக் கூடாது. அது மாகாணப் புவியியல் பெயர்கள் குழு வழியாகத்தான் மேலே போகும். அந்தக் குழுவின் செயலரோடு முதல் வாரத்திலேயே பேசி, இப்போது நடப்பில் இருக்கும் படிவத்தையும் கையேட்டையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய படிவத்தில் நிரப்பி அனுப்பினால் திரும்பி வரும்.

விண்ணப்பிக்கப் பெரிய பதவி எதுவும் தேவையில்லை. தனி ஆளாகவும் செய்யலாம், கோயில் குழுவாகவும் செய்யலாம். குழுவாகச் செய்தால் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று தீர்மானம் போட்டு, அதன் நகலை இணையுங்கள்.

2. இப்போது என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்

தேசியப் புவிசார் தகவல் இயக்ககம் 1:50 000 அளவில் நாடு முழுவதுக்கும் வரைபடம் வைத்திருக்கிறது. கேப்டவுனில் மோப்ரேயில் அலுவலகம். மின்னணுப் பிரதி இலவசம். கேட்கும்போது வரைபடத் தாளின் எண்ணைச் சொன்னால் வேலை சுலபம். அந்த எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். முதல் இரண்டு இலக்கம் தெற்கு அட்சரேகை, அடுத்த இரண்டு கிழக்குத் தீர்க்கரேகை. அந்த ஒரு பாகைச் சதுரத்தை நான்காகப் பிரித்து மேல் இடது ஏ, மேல் வலது பி, கீழ் இடது சி, கீழ் வலது டி என்று வைத்து, ஒவ்வொன்றையும் மறுபடி நான்காகப் பிரிக்கிறார்கள். வெரூலம் 2931 சிஏ தாளில் வரும். டர்பன் நகரம் 2931 சிசி, சாட்ஸ்வொர்த் 2930 டிடி, க்வாடுகுசா 2931 ஏடி.

அதே இடத்தில் 1930களிலிருந்து எடுத்த வான்வழிப் படங்களும் இருக்கின்றன. ஒரு குடியிருப்பு எப்போதிருந்து இருக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் பாரக்ஸ் ஒரு பழைய படத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்த மாமா, பக்கத்தில் இருந்த ஒரு கறுப்புப் புள்ளியைத் தொட்டு, "இது நம்ம ஆலமரம்" என்றார்.

அப்புறம் மன்றத்தின் பெயர்த் தரவுத்தளத்தில் தேடுங்கள். நாட்டில் வேறு எங்காவது அதே பெயர் ஏற்கெனவே ஒப்புதல் பெற்றிருந்தால் உங்களுக்குச் சிக்கல். கேட்டால் ஒன்றுபோல் ஒலிக்கிற பெயரும் சிக்கல்தான். எனவே எழுத்து மாற்றங்களையும் போட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. தென்னாப்பிரிக்கா 1999 ஜனவரி 1 முதல் ஹார்ட்டபீஸ்ட்ஹுக் 94 என்ற அளவீட்டு அடிப்படைக்கு (அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடும் முறைக்கு) மாறியது. அதற்கு முந்தைய வரைபடங்கள் 'கேப்' என்ற பழைய அடிப்படையில் இருக்கும். பழைய தாளிலிருந்து எடுத்த ஆயத்தொலையைப் புதிய படிவத்தில் அப்படியே எழுதினால் புள்ளி நகர்ந்துவிடும். ஓடைக்கரை குடியிருப்பென்றால் அக்கரையில்கூட விழலாம். இடத்தில் போய் நின்று போனின் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்வதே நல்லது.

3. பெரியவர்களிடம் கேளுங்கள், பெயரைச் சொல்லாமல் கேளுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அவசரப்படாதீர்கள்.

முதலில் நான் செய்த தவறு, "ஆயா, இந்தப் பெயர் தமிழ்தானே?" என்று கேட்டது. ஆயா "ஆமாம்பா" என்றார். அவ்வளவுதான், அந்தப் பேட்டி வீண். பெயரின் முதல் பாதி தமிழில் 'கல்' போல ஒலிக்கும். அதனால், கல் உடைக்க வந்தவர்கள் வைத்த பெயர் என்று கோயிலில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அது தமிழாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்த ஆசை கேள்விக்குள் புகுந்துவிட்டது.

அப்புறம் முறையை மாற்றினேன். ஆளை ஓடைக்கரைக்கு அழைத்துப்போய், "இதுக்கு என்ன பேர்?" என்று மட்டும் கேட்டேன். யார் சொல்லிக் கேட்டீர்கள், அப்போது உங்களுக்கு என்ன வயது, அக்கரையில் இருக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று தொடர்ந்தேன். தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாக உட்கார வைத்தால் குரல் பெரிதாக இருப்பவரின் கதையே எல்லோருடைய கதையாகிவிடும்.

அக்கரையில் எண்பது வயது தாண்டிய ஒரு சூலு இன மூதாட்டி இருக்கிறார். எல்லோரும் கோகோ என்றுதான் கூப்பிடுவோம், பாட்டி என்று பொருள். மாமா ஆலையில் வேலை பார்த்தபோது கற்ற சூலு மொழியில் கேட்டார். கோகோ ஒரு சொல் சொன்னார். முன்னால் ஒரு உயிரெழுத்து, அதையடுத்து நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி விடுவிக்கும் சொடுக்கு ஒலி, பின்பாதி நாங்கள் சொல்கிற மாதிரியே. மாமா இன்னொரு முறை சொல்லச் சொன்னார். கோகோ சிரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். அந்தச் சொடுக்கைத்தான் எங்கள் தாத்தாக்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி 'க' ஆக்கியிருக்கிறார்கள். முன்னால் இருந்த உயிரெழுத்து உதிர்ந்துபோய்விட்டது. எங்கள் பெயரும் அவர்கள் பெயரும் ஒன்றேதான். மாமா திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொடுக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

உங்கள் ஆராய்ச்சியும் இப்படித் திரும்பினால் மறைக்காதீர்கள். கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதுங்கள். விண்ணப்பத்தில் மூலம், பொருள், மொழி என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். பொய்யான மூலத்தை எழுதினால் கலந்தாய்விலேயே அது உடையும்.

பேட்டிக்கு முன்பே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒலிப்பதிவு எதற்கு, யார் கேட்பார்கள், பெயர் வெளியிடலாமா என்ற மூன்றும் அந்தத் தாளில் இருக்கட்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பின்னால் போய்க் கேட்டால் சிலர் இருக்கவும் மாட்டார்கள். நான் பேட்டி எடுத்த ஒன்பது பேரில் இருவர் இப்போது இல்லை.

முக்கியமான மூன்று, நான்கு பேரிடம் மட்டும் பிரமாணப் பத்திரமாக வாங்கினால் போதும். காவல் நிலையத்தில் உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. முத்திரை அடிப்பதற்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

4. சூலு எழுத்தைச் சரியாகப் படியுங்கள்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் இங்கேதான் வழுக்குவோம். ஆங்கில எழுத்தில் டி, ஹெச் (th) இரண்டும் சேர்ந்து வந்தால் நாம் 'த' என்று படிப்போம். சூலுவில் அது மூச்சோடு வரும் 'ட'. டர்பனின் சூலுப் பெயரை நான் ஒரு வருடம் 'எதெக்வினி' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது 'எட்டெக்வினி'. அதேபோல் பி, ஹெச் (ph) சேர்ந்தால் 'ஃப' அல்ல, மூச்சோடு வரும் 'ப'. இசிப்பிங்கோ என்ற ஊர்ப் பெயரை அப்படித்தான் சொல்ல வேண்டும். ஹெச், எல் (hl) சேர்ந்து வரும் உம்ஹ்லாங்கா என்ற ஊர்ப் பெயரின் ஒலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை, கேட்டுத்தான் பழக வேண்டும். சி, க்யூ, எக்ஸ் (c, q, x) மூன்றும் சொடுக்கு ஒலிகள்.

பெயரின் முன்னொட்டும் பின்னொட்டும் பொருளைக் காட்டிக் கொடுக்கும். 'க்வா' என்று தொடங்கினால் பெரும்பாலும் இன்னாருடைய இடம் என்று பொருள். முன்னால் 'எ', பின்னால் 'இனி' வந்தால் அந்த இடத்தில் என்ற வேற்றுமை. இட்டெக்கு என்றால் விரிகுடா, எட்டெக்வினி என்றால் விரிகுடாவில். நம் ஊர்களில் பட்டி, பாளையம், குறிச்சி எல்லாம் சொல்லுவது போலத்தான். ஆங்கிலேயர் எழுதும்போது முதலில் கழற்றியது இந்த முன்னொட்டைத்தான். ஓட்டொங்காட்டி டோங்காட் ஆனது அப்படி.

கேட்க நன்றாக இருக்கும் கதைகளைக் கவனமாகக் கையாளுங்கள். அமன்சிம்டோட்டி என்ற ஊரின் பெயர்க் கதை பிரபலமானது: சூலு மன்னர் ஷாக்கா ஆற்றுநீரைக் குடித்து, இனிமை என்பதற்கான வழக்கமான சொல் தன் தாய் நாண்டியின் பெயரோடு சேர்ந்து ஒலிப்பதால் அதைத் தவிர்த்து வேறு சொல் சொன்னாராம். மரியாதைக்காகப் பெயரைத் தவிர்க்கும் அந்த வழக்கத்துக்கு ஹ்லோனிப்பா என்று பெயர். கணவர் பெயரை வாயால் சொல்லாத நம் பாட்டிமாரை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும். இப்படிப்பட்ட கதையை விண்ணப்பத்தில் எழுதலாம், ஆனால் 'ஊரில் வழங்கும் கதை' என்று குறித்து எழுதுங்கள். சான்று என்ற தலைப்பில் போடாதீர்கள்.

எழுத்துக்கூட்டலை நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம். பல்கலைக்கழக சூலுத் துறையில் ஒருவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். எனக்கு அது இலவசமாகவே கிடைத்தது, ஆறு வாரம் காத்திருந்தேன். 2020 இல் தமிழ்நாட்டில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வந்ததும், சில நாளிலேயே அது திரும்பப் பெறப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். எழுத்துதானே என்று விட்டுவிடக் கூடாது.

5. காப்பகத்தில் என்ன தேடுவது, எங்கே தேடுவது

நிலஅளவைத் தலைமை அலுவலகத்தின் பழைய நில வரைபடங்களிலிருந்து தொடங்குங்கள். வருடி எடுத்த பிரதிகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு நிலத்துக்கும் 21 இலக்கக் குறி உண்டு. அது தெரிந்தால் இரண்டு நிமிட வேலை. நகராட்சி வரி ரசீதில் உள்ள நில விவரத்தை வைத்துக் குறியைக் கண்டுபிடிக்கலாம். எங்கள் நிலத்தின் தாய் வரைபடத்தில் ஓடையின் வளைவையொட்டிச் சாய்வெழுத்தில், தேய்ந்த மையில், பெயர் இருந்தது. ஆங்கில 'கே'யில் தொடங்கியிருந்தார்கள். பக்கத்துப் பண்ணையின் வரைபடத்தில் அதே ஓடை 'க்யூ'வில் தொடங்கியது. கோகோ சொன்ன சொடுக்கு அங்கே எழுத்தில் கிடைத்தது.

ஆகவே ஒரே எழுத்தில் தேடி விட்டுவிடாதீர்கள். சொடுக்கு ஒலியென்றால் கே, க்யூ, சி, ஜி எல்லாவற்றிலும் தேடுங்கள். முன்னொட்டோடும் தேடுங்கள், இல்லாமலும் தேடுங்கள்.

அடுத்தது தேசியக் காப்பகத்தின் நாயர்ஸ் என்ற தேடல் முறை. அதில் வரும் ஒவ்வொரு பதிவிலும் கோப்பு எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று மூன்றெழுத்துக் குறி இருக்கும். அதைப் பார்க்காமல் ஒரு கோப்புக்காக டர்பன் காப்பகத்துக்குப் போய்த் திரும்பினேன். என், ஏ, பி (NAB) என்றிருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகம். போகும் முன் கோப்பு எண்களை எழுதி அனுப்பி, எடுத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். அடையாள அட்டை, பென்சில், வெள்ளைத் தாள் எடுத்துப் போங்கள். படிக்கும் அறையில் பேனா எடுக்க விடமாட்டார்கள். படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும். 20 ஆண்டுக்கு மேற்பட்ட பொதுப் பதிவுகளைப் பார்ப்பது எளிது. அதற்குப் பிந்தைய நகராட்சிக் கோப்பு வேண்டுமானால் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம், பதிலுக்கு 30 நாள் கெடு.

கப்பல் பட்டியல்களில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். நம்மவர்களுக்கு அதில்தான் முதலில் கை போகும், எனக்கும் போனது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஊர், தாலுகா, ஜில்லா அதில் இருக்கும். குடும்ப வேரைத் தேடுகிறவர்களுக்குப் பொக்கிஷம். ஆனால் இங்குள்ள ஓடையின் பெயருக்கு அது சான்றாகாது.

டர்பனில் இன்னும் மூன்று இடம் பார்க்கலாம்: க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் கில்லி கேம்பெல் நூலகம், வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம், டெர்பி தெருவில் உள்ள 1860 மரபு மையம். மூன்றுக்கும் முன்கூட்டியே எழுதிவிட்டுப் போங்கள்.

எடுத்த ஒவ்வொரு நகலின் பின்பக்கத்திலும் காப்பகம், தொகுதி, கோப்பு எண், பக்கம், தேதி ஆகியவற்றை அன்றே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று வைத்த எட்டு நகல்களுக்காக நான் மறுபடி பீட்டர்மாரிட்ஸ்பர்க் போனேன்.

6. பெயர் விதிகளுக்குள் வருகிறதா?

உயிரோடு இருப்பவர் பெயர், ஒரு நிறுவனத்துக்கு விளம்பரமாகும் பெயர், யாரையாவது இழிவுபடுத்தும் பெயர், வேறு நாட்டு ஊரின் பெயர், ஏற்கெனவே இருக்கும் பெயரோடு குழம்பும் பெயர் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது கையேடு. காலமானவர் பெயரென்றால் வாரிசுகளின் எழுத்துச் சம்மதம் வேண்டும். "மதுரை நகர் என்று வைக்கலாமே" என்று எங்கள் கோயிலில் ஒருவர் சொன்னார். அது அங்கேயே நின்றுவிட்டது.

7. கலந்தாய்வு: இரு கரையிலும்

விண்ணப்பம் விழுவது பெரும்பாலும் இங்கேதான். நாங்கள் முதலில் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டோம். எழுபது பேர் வந்தார்கள், எல்லோரும் கை தூக்கினார்கள். வருகைப் பதிவைப் பார்த்த ஒரு அதிகாரி, "ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எங்கே?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அவர் கேட்டது நியாயம்.

சட்டப்படியும் அது பெரிய விஷயம். லூயி ட்ரிகார்ட் நகரம் 2003 இல் மக்காடோ என்று மாற்றப்பட்டது. போதிய கலந்தாய்வு நடக்கவில்லை என்று 2007 இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. அமைச்சர் கையெழுத்துப் போட்ட பிறகும் இப்படி நடக்கலாம்.

எங்கள் இரண்டாவது கூட்டத்தை அக்கரைப் பள்ளியில், சனிக்கிழமை மதியம் வைத்தோம். அறிவிப்பை சூலுவிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கடை, கிளினிக், டாக்சி நிறுத்தம், பள்ளி வாசல் என்று மூன்று வாரம் முன்பே ஒட்டினோம். ஒட்டிய ஒவ்வொன்றையும் தேதி தெரிய படம் எடுத்தோம். சூலு நாளிதழிலும் வட்டாரப் பத்திரிகையிலும் சிறு அறிவிப்பு கொடுத்தோம். வார்டு கவுன்சிலருக்கும் கடிதம் கொடுத்துப் பெற்றதற்குக் கையெழுத்து வாங்கினோம். உங்கள் இடம் பாரம்பரியத் தலைவரின் ஆட்சிக்குள் வந்தால், முதலில் இண்டூனாவை (தலைவரின் கீழ் உள்ள ஊர்ப் பொறுப்பாளரை)ப் பார்த்து அவர் வழியாக இன்கோசியிடம் (அந்தத் தலைவரிடம்) போங்கள். கூட்டம் போட்ட பிறகு சொல்லப் போனால் அவமரியாதை.

எதிர்த்துப் பேசியவர்களின் பேச்சையும் குறிப்பேட்டில் அப்படியே எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி, "இத்தனை வருஷமா தப்பா சொல்லிட்டு இப்ப எங்க பேரை நீங்க பதிவு பண்றீங்களா?" என்று சூலுவில் கேட்டார். மாமா எழுந்து, "அதனாலதான் உங்க எழுத்துல கேட்கிறோம்" என்றார். இரண்டும் குறிப்பேட்டில் இருக்கின்றன. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாத குறிப்பேட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

8. விண்ணப்பக் கட்டு

நாங்கள் கொடுத்த வரிசை இது:

- நிரப்பிய படிவம்: பெயர், மொழி, பொருள், மூலம், இடத்தின் வகை, நகராட்சி, மாவட்டம், ஆயத்தொலை
- 1:50 000 தாளின் நகல், இடம் சிவப்பில் வட்டமிட்டது
- பழைய நில வரைபடங்கள் இரண்டு, வான்வழிப் படம் ஒன்று
- பிரமாணப் பத்திரங்கள், பேட்டிச் சுருக்கம், சம்மதத் தாள்கள்
- சூலு எழுத்துக்கூட்டல் பற்றிய கடிதம்
- இரு கூட்டங்களின் அறிவிப்பு, படம், வருகைப் பதிவு, குறிப்பேடு
- கோயில் குழுத் தீர்மானம், கவுன்சிலர் கடிதம்
- இந்தப் பெயர் ஏன் தேவை என்று ஒரு பக்கம்

அந்த ஒரு பக்கத்தை நன்றாக எழுதுங்கள். பெருமையைப் பற்றி எழுதாமல் பயன்பாட்டைப் பற்றி எழுதுங்கள். நாங்கள் 2022 இரவில் நடந்ததை மட்டும் எழுதினோம். ஓடைக்கும் குடியிருப்புக்கும் ஒரே பெயரென்றால் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். ஓடையென்றால் தொடங்குமிடம், சேருமிடம் இரண்டின் ஆயத்தொலையும் சேருங்கள்.

நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரு முறை எங்கள் கட்டே கிடைக்கவில்லை என்றார்கள். முத்திரை இருந்ததால்தான் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகாமல் தப்பினோம்.

9. செலவும் காலமும்

விண்ணப்பத்துக்கென்று நான் எந்தக் கட்டணமும் கட்டவில்லை. சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள். பெட்ரோல், ஜெராக்ஸ், காப்பக நகல், பெரிய தாளில் வரைபடம் அச்சிட்டது, பத்திரிகை அறிவிப்பு, கூட்டத்தில் டீ, சமோசா எல்லாம் சேர்த்து 4,000 ராண்டுக்குள் முடிந்தது. அதில் பாதி பத்திரிகை அறிவிப்புக்குப் போனது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தேடலுக்கும் நகலுக்கும் கட்டணம் உண்டு. நில வரைபடம் இணையத்தில் கிடைத்துவிட்டால் அங்கே போகும் தேவையே பலருக்கு வராது.

காலத்தைப் பொறுத்தவரை, பேட்டிக்கு நான்கு மாதம், காப்பகத்துக்கு ஐந்து மாதம், கலந்தாய்வுக்கு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை எந்த அலுவலகத்தையும் நம்ப வேண்டாம். தேர்தல் ஆண்டில் கவுன்சிலரைப் பிடிப்பது கடினம். மாகாணக் குழு எப்போது கூடுகிறது என்று செயலரிடம் கேட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே கட்டைக் கொடுத்துவிடுங்கள். ஒரு கூட்டம் தவறினால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும்.

10. அரசிதழில் வந்த பிறகு

அமைச்சர் ஒப்புதல் கொடுத்ததும் பெயர் அரசிதழில் வரும். வெள்ளிக்கிழமைகளில் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வெளியான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் அமைச்சருக்கு எழுத்தில் முறையிடலாம். அவர் அதை மன்றத்தின் ஆலோசனைக்கு அனுப்பலாம், முடிவைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதம் உங்களுக்கும் உண்டு. எழுத்துப் பிழையோடு வெளியானால் அன்றே எழுதுங்கள். புதிய பலகைக்கு அந்த மாதம் முடியும் முன் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

முறையீடு வந்தால் மூலச் சான்றுகளைக் கேட்பார்கள். எங்களுடைய மூலக்கட்டு கோயில் அலுவலக இரும்பு அலமாரியில், வெள்ளம் எட்டாத மேல்தட்டில் இருக்கிறது. அதன் முழு நகலைக் கோகோவின் பேத்தி அக்கரையில் வைத்திருக்கிறார்.